பத்மநாபபுரம் டிவிஷன்: நம் பழைய மாவட்டத்தைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று உருவானது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறோம். அதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்று கேட்டால், பெரியவர்களே "திருவிதாங்கூர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நூலகத்துக்கு வரும் பிள்ளைகள் அதோடு விடுவதில்லை. அவர்கள் கேட்டவற்றையும் கேட்கக்கூடியவற்றையும் சேர்த்து, நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரிய பிள்ளைகள் தாங்களே வாசிக்கலாம். சின்னவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

பத்மநாபபுரம் டிவிஷன் என்றால் என்ன?

திருவிதாங்கூர் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. தெற்கே கன்னியாகுமரியில் தொடங்கி, வடக்கே கொச்சி ராஜ்யத்தைத் தொடும் வரை நீண்டு கிடந்தது. ராஜா இருந்த ஊர் திருவனந்தபுரம். அவ்வளவு நீளமான நாட்டை ஒரே ஊரில் உட்கார்ந்துகொண்டு கவனிக்க முடியுமா? வரி வாங்க வேண்டும், குளம் உடைந்தால் கட்ட வேண்டும், வயல் தகராறு வந்தால் விசாரிக்க வேண்டும். அதனால் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நாட்டைச் சில பெரிய பகுதிகளாகப் பிரித்தார்கள். அவைதான் டிவிஷன்கள். 1900-ஐ ஒட்டிய காலத்தில் பத்மநாபபுரம், திருவனந்தபுரம், கொல்லம், கோட்டயம் என்று டிவிஷன்கள் இருந்தன. தேவிகுளம் மலைப்பக்கத்தைத் தனியாக வைத்திருந்தார்கள். தெற்கு ஓரத்தில் இருந்த பத்மநாபபுரம் டிவிஷன்தான் ஏறத்தாழ இன்றைய கன்னியாகுமரி மாவட்டம்.

டிவிஷனுக்கும் கலெக்டர் உண்டா?

கலெக்டர் பார்க்கிற வேலையைப் பார்த்தவருக்குப் பேஷ்கார் என்று பெயர். திவான் பேஷ்கார் என்றும் சொல்வார்கள். உங்கள் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தாளாளர் மாதிரி மகாராஜா, தலைமை ஆசிரியர் மாதிரி திவான், வகுப்பாசிரியர் மாதிரி பேஷ்கார். பேஷ்காருக்குக் கீழே ஒவ்வொரு தாலுகாவுக்கும் ஒரு தாசில்தார். தாசில்தாருக்குக் கீழே 'பகுதி' என்ற சின்னச் சின்ன வட்டாரங்கள், அங்கே நிலக்கணக்கும் வரியும் பார்க்க ஒரு பார்வத்தியக்காரர். இன்றைக்கு நாம் கிராம நிர்வாக அலுவலர் என்கிறோமே, ஏறக்குறைய அவருடைய இடம் அது.

பின்னாளில் திருவிதாங்கூரின் திவானாகப் பெரிய பெயர் வாங்கிய டி. மாதவராவ், அதற்கு முன் இந்தத் தெற்குப் பக்கத்தின் பேஷ்காராக வேலை பார்த்தவர்தான்.

எத்தனை தாலுகாக்கள் இருந்தன?

ஐந்து: தோவாளை, அகஸ்தீஸ்வரம், இரணியல், கல்குளம், விளவங்கோடு. கிழக்கே ஆரல்வாய்மொழி மலை இடைவெளியிலிருந்து மேற்கே களியக்காவிளை வரைக்கும் இவை வரிசையாக வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தாலுகாவின் பெயர் ஒரு ஊர், ஆபீஸ் வேறொரு ஊர். தோவாளை தாலுகா ஆபீஸ் பூதப்பாண்டியில். அகஸ்தீஸ்வரம் தாலுகா ஆபீஸ் நாகர்கோவிலில். கல்குளத்துக்குத் தக்கலை. விளவங்கோட்டுக்குக் குழித்துறை. இன்றைக்கும் இந்த நான்கும் அப்படியேதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் 'விளவங்கோடு தாலுகா ஆபீஸ்' தேடி விளவங்கோட்டுக்கே போய் நின்றால் அங்கே ஆபீஸைக் காண முடியாது.

டிவிஷனுக்கு ஏன் பத்மநாபபுரத்தின் பெயர்?

அது ஒரு காலத்தில் நாட்டுக்கே தலைநகர். திருவனந்தபுரத்துக்கு முன்னால் ராஜாக்கள் இருந்தது அங்கேதான். அரண்மனையின் பழைய பகுதியை 1601 வாக்கில் கட்டத் தொடங்கினார்கள் என்பார்கள். அப்போது ஊரைக் கல்குளம் என்றே சொன்னார்கள். பிறகு மார்த்தாண்ட வர்மா ராஜா வந்தார். சின்னச் சின்ன நாடுகளை வென்று திருவிதாங்கூரைப் பெரிதாக்கியவர் அவர். 1750-இல் தன் நாடு முழுவதையும் பத்மநாபசுவாமிக்குக் காணிக்கையாக வைத்தார். "நான் ராஜா இல்லை, சுவாமியின் தாசன்" என்ற நிலையில் ஆட்சி நடத்தினார். ஊருக்குப் பத்மநாபபுரம் என்ற பெயர் நிலைத்தது இந்தக் காலத்தில்தான்.

1795-ஐ ஒட்டித் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. ராஜா போன பிறகும் ஊரின் மதிப்புப் போகவில்லை. அதனால்தான் அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து டிவிஷன் பிரித்தபோது இதன் பெயரையே வைத்தார்கள்.

அரண்மனைக்குள் பிள்ளைகள் எதைப் பார்க்க வேண்டும்?

எல்லாவற்றையும் பாருங்கள், ஆனால் முதலில் தரையைப் பாருங்கள். கறுப்பாக, முகம் தெரிகிற அளவுக்கு மின்னும். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு இவற்றோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்து அரைத்துப் பூசி, தேய்த்துத் தேய்த்து வந்த மினுக்கம் என்று சொல்கிறார்கள். அப்புறம் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய ஊட்டுப்புரை. முன்கட்டில் இருக்கும் மணிமேடைக் கடிகாரம். மரத்தில் பூ செதுக்கிய கூரை. அந்தத் தச்சர்களின் பெயர் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. நான் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போதெல்லாம் கூரையைப் பார்த்து நிற்கச் சொல்வது அவர்களுக்காகத்தான்.

அரண்மனை தமிழ்நாட்டில் இருக்கிறது, டிக்கெட்டில் மட்டும் ஏன் கேரள அரசு என்று இருக்கிறது?

1956-இல் இந்தப் பக்கம் தமிழ்நாட்டோடு, அதாவது அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அரண்மனை திருவிதாங்கூர் ராஜாக்களுடையது என்பதால் அதைப் பராமரிக்கும் பொறுப்பு கேரளத் தொல்லியல் துறையிடம் போனது. சுற்றியிருக்கும் கோட்டை, தெரு, வீடு எல்லாம் தமிழ்நாடு. மதிலுக்குள்ளே சுமார் ஆறு ஏக்கர் அரண்மனையை மட்டும் கேரளம் பார்த்துக்கொள்கிறது. இது சண்டை போட வேண்டிய விஷயம் இல்லை. இரண்டு மாநிலப் பிள்ளைகளுக்கும் அது சொந்தம், நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் போதும்.

தக்கலை எப்படிப் பெரிய ஊரானது?

பத்மநாபபுரம் கோட்டைக்குள் இருக்கிறது. தக்கலை அதற்குச் சுமார் 2 கிலோமீட்டர் தூரத்தில், திருவனந்தபுரம் போகும் பெரிய சாலையில் இருக்கிறது. சாலை இருக்கும் இடத்தில்தானே சந்தையும் ஆபீஸும் வரும். கல்குளம் தாலுகா ஆபீஸ் அங்கே இருப்பதும் அப்படித்தான். உள்ளாட்சிக் கணக்கில் பார்த்தால் தக்கலை பத்மநாபபுரம் நகராட்சிக்குள் வரும் ஊர். தமிழில் ஞானப்பாடல்கள் பாடிய சூஃபி கவிஞர் பீர்முகம்மது அப்பாவின் தர்காவும் தக்கலையில்தான். ஆண்டு விழாவில் அவருடைய பாடல்களை ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாடுவார்கள். தமிழ்ப் பாட்டைக் கேட்க ஆசை உள்ள பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகலாம்.

உதயகிரிக் கோட்டையில் ஒரு வெளிநாட்டுக்காரரின் கல்லறை இருக்கிறதே, அவர் யார்?

அவர் பெயர் டிலனாய். டச்சுக் கம்பெனியின் படையோடு கடல் வழியாக வந்தவர். 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கும் டச்சுக்காரர்களுக்கும் சண்டை நடந்தது. டச்சுக்காரர்கள் தோற்றார்கள், டிலனாய் பிடிபட்டார். ராஜா அவரைக் கொல்லவில்லை. "என் படைக்குப் பயிற்சி கொடு" என்று வேலைக்கு வைத்துக்கொண்டார். அவரும் உண்மையாக உழைத்தார். துப்பாக்கி, பீரங்கி, கோட்டை கட்டும் முறை எல்லாம் சொல்லிக் கொடுத்து, பெரிய தளபதியாகி, 1777-இல் இங்கேயே இறந்தார். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் உள்ள கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. எதிரியாக வந்தவருக்குத் தமிழில் கல்லறை எழுத்து எழுதி வைத்த மண் இது என்று நினைத்தால் எனக்கு எப்போதும் பெருமையாக இருக்கும்.

சண்டை நடந்த குளச்சலில் வெற்றித்தூண் ஒன்று நிற்கிறது. பார்த்துவிட்டு அப்படியே மீன்பிடித் துறைமுகத்துக்கும் போய் வாருங்கள்.

இரணியல் தாலுகா எங்கே போனது?

பிள்ளைகளிடம் நான் எதிர்பார்க்காத கேள்வி இது. மிக நல்ல கேள்வியும்கூட.

பிற்பாடு தாலுகாக்களைக் குறைத்தபோது இரணியலைக் கல்குளத்தோடு சேர்த்துவிட்டார்கள். அதனால்தான் 1956-இல் தமிழ்நாட்டுக்கு வந்தவை நான்கு தாலுகாக்கள். ஆனால் ஒரு தாலுகாவை அழிப்பது அவ்வளவு சுலபமில்லை. இரணியலில் நீதிமன்றம் இன்றைக்கும் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. ரயில் நிலையம் இருக்கிறது. பழைய அரண்மனை ஒன்றும் இருக்கிறது, அது நெடுங்காலம் கூரை இடிந்து புதர் மண்டிக் கிடந்தது. சின்ன ஊர்தானே, இவ்வளவு எதற்கு என்று தோன்றும். முன்பு தாலுகாவின் தலைமை ஊராக இருந்ததை மனசில் வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

வேலுத்தம்பி பிறந்த தலக்குளம் இரணியலுக்குப் பக்கத்தில்தான். திருவிதாங்கூரின் திவானாக இருந்து, ஆங்கிலேயக் கம்பெனியை எதிர்த்து 1809-இல் உயிரைக் கொடுத்தவர் அவர்.

திருவிதாங்கூர் என்ற பெயருக்கும் நம் திருவிதாங்கோட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. அவ்வளவு பெரிய நாட்டுக்குப் பெயர் கொடுத்தது தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் திருவிதாங்கோடுதான். பத்மநாபபுரத்துக்கும் முன்னால் ராஜாக்கள் இருந்த இடம். பழைய சிவன் கோவில் இருக்கிறது. அரப்பள்ளி என்ற பழைய கிறிஸ்தவ ஆலயமும் இருக்கிறது, புனித தோமா கட்டியது என்பது அங்கே வழிவழியாகச் சொல்லும் நம்பிக்கை.

நாஞ்சில் நாடு என்பது இந்த டிவிஷனுக்குள் வருமா?

வரும். தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சேர்ந்ததுதான் நாஞ்சில் நாடு. மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கும். அங்கே தென்னை, ரப்பர், மரச்சீனி. நாஞ்சில் நாட்டுப் பக்கம் சமமான நிலம், அதனால் வயலும் குளமும். வருஷத்துக்கு இரண்டு பூ நெல்: கன்னிப்பூ, கும்பப்பூ. பழையாறு அந்த வயல்களின் நடுவே ஓடுகிறது. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பேர் வாங்கிய இடம். இப்போது வயல்கள் வீட்டு மனையாகிக் குறைந்துகொண்டே வருகின்றன. இதைப் பிள்ளைகளிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. மிச்சம் இருக்கும் வயலைப் பார்க்கும்போது அது எவ்வளவு பழையது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இந்தப் பக்கத்துச் சின்ன ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. தோவாளை என்றால் பூச்சந்தை. விடியும் முன்னாலேயே வியாபாரம் தொடங்கிவிடும். அங்கே கட்டும் மாணிக்கமாலை, பூவை மடித்து மடித்துப் பாய் பின்னுவது போலக் கட்டுவது, புவிசார் குறியீடு பெற்றது. பூதப்பாண்டியில் மலையடிவாரத்துப் பூதலிங்கசுவாமி கோவில். பொதுவுடைமைத் தலைவர் ஜீவா 1907-இல் பிறந்ததும் அந்த ஊரில்தான். மயிலாடியில் கல் செதுக்கும் சத்தம் தெருவிலேயே கேட்கும். தேரூரில் 1876-இல் பிறந்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. பள்ளிப் புத்தகத்தில் நீங்கள் படிக்கும் குழந்தைப் பாடல்களை எழுதியவர், அதுவும் திருவிதாங்கூர் ராஜ்யம் இருந்த நாளிலேயே எழுதியவர்.

சுசீந்திரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தாணுமாலயன் கோவிலில் தட்டினால் இசை வரும் தூண்களும், 18 அடி உயர அனுமாரும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோவிலைப் பற்றி வேறொன்றும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அதற்குக் கொஞ்சம் கீழே வருகிறேன்.

ஆரல்வாய்மொழியில் ஏன் அவ்வளவு காற்றாடி?

மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே இடைவெளி விடுகிறது. மேற்கிலிருந்து வரும் காற்று அந்தச் சந்தில் நெருக்கிக்கொண்டு வேகமாகப் பாயும். முப்பந்தலில் காற்றாலைகள் கூட்டமாக நிற்பது அதனால்தான். காற்று வரும் வழியே ஆளும் வரும் வழி. பாண்டிநாட்டுப் பக்கத்திலிருந்து திருவிதாங்கூருக்குள் நுழைய அதுதான் வாசல், ஆகவே அங்கே கோட்டைச்சுவர் கட்டிக் காவல் வைத்தார்கள். 1809 பிப்ரவரியில் கம்பெனிப் படை அந்தச் சுவரைத் தாண்டித்தான் வேலுத்தம்பியின் படையைத் தோற்கடித்தது. புனித தேவசகாயம் 1752-இல் சுட்டுக்கொல்லப்பட்ட காற்றாடிமலையும் அங்கேதான். நட்டாலத்தில் பிறந்த அவருக்கு 2022-இல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

நாகர்கோவில் அப்போது டிவிஷனின் தலைநகரா?

பெயர் பத்மநாபபுரத்துக்குப் போனாலும், வியாபாரமும் படிப்பும் வளர்ந்தது நாகர்கோவிலில். நாகராஜா கோவில் ஒரு பக்கம், பழைய வணிக ஊரான கோட்டாறு இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து வளர்ந்தன. 1809-இல் மயிலாடியில் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மன் பாதிரியார் தொடங்கிய பள்ளிக்கூடம், பிறகு நாகர்கோவிலுக்கு வந்து, பின்னாளில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1908-இல் பிறந்த ஒழுகினசேரி, நாகர்கோவிலின் வாசல் மாதிரி இருக்கும் இடம். 2019-இல் நாகர்கோவில் மாநகராட்சி ஆனது.

மார்த்தாண்டமும் குழித்துறையும் ஒன்றா, இரண்டா?

கடைக்காரர்களைக் கேட்டால் இரண்டு என்பார்கள். நகராட்சியைக் கேட்டால் மார்த்தாண்டம் குழித்துறை நகராட்சிக்குள் இருக்கிறது என்பார்கள். தாலுகா ஆபீஸ், கோர்ட், ஆற்றங்கரை எல்லாம் குழித்துறை. சந்தை, பஸ், துணிக்கடை எல்லாம் மார்த்தாண்டம். கோதையாறும் பறளியாறும் கூடி வருகிற தாமிரபரணி குழித்துறை வழியாகப் போய்த் தேங்காப்பட்டணத்தில் கடலில் விழுகிறது. திருநெல்வேலித் தாமிரபரணி வேறு, இது வேறு. ஆடி அமாவாசைக்கு இந்த ஆற்றங்கரையில் நடக்கும் வாவுபலிப் பொருட்காட்சிக்குப் போகாத விளவங்கோட்டுப் பிள்ளை இருக்க முடியாது.

மார்த்தாண்டம் தேனுக்கும் ஒரு கதை உண்டு. 1920-களில் ஸ்பென்சர் ஹேட்ச் என்பவர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் அங்கே கிராம முன்னேற்ற மையம் நடத்தினார். பெட்டியில் தேனீ வளர்க்கவும் கோழி வளர்க்கவும் சிறு விவசாயிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தத் தொழில்தான் இன்றைக்கும் வீட்டுக்கு வீடு நடக்கிறது.

நேரம் இருந்தால் சிதறால் மலைக்கும் ஏறுங்கள். பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள், 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு.

அந்தக் காலத்தில் பிள்ளைகள் மிட்டாய் வாங்கக் கையில் என்ன காசு இருக்கும்?

சக்கரம்! திருவிதாங்கூருக்குத் தனி நாணயம். 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். கணக்குப் போடுங்கள்: ஒரு ரூபாய்க்கு எத்தனை சக்கரம்? 28. எத்தனை காசு? 448. எல்லையைத் தாண்டித் திருநெல்வேலிப் பக்கம் போனால் ஆங்கிலேயர் ரூபாய், அதற்கு இருபத்தெட்டரைச் சக்கரம் கொடுக்க வேண்டும். அரைச் சக்கரத்துக்கும் பேரம் பேசிய காலம்.

தபாலும் தனி. அஞ்சல் என்று பெயர். அஞ்சல்காரர் மணி கட்டிய கம்பைப் பிடித்துக்கொண்டு ஓடுவார், சத்தம் கேட்டு மக்கள் வழிவிடுவார்கள். 1951-இல்தான் அது இந்தியத் தபாலோடு சேர்ந்தது.

வருஷமும் தனி! கொல்லம் ஆண்டு. ஆவணி பிறந்தால் புது வருஷம்.

பேச்சிப்பாறை அணையைக் கட்டியது யார்?

டிவிஷன் காலத்தில் இங்கே நடந்த மிகப் பெரிய வேலை இதுதான் என்பது என் எண்ணம். நாஞ்சில் நாட்டு வயலுக்கு மழை பொய்த்தால் தண்ணீர் இல்லை. மேற்கே மலையில் கோதையாறு வீணாகக் கடலுக்குப் போகிறது. ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில் 1897-இல் வேலையைத் தொடங்கி 1906-இல் முடித்தார்கள். மிஞ்சின் என்ற இன்ஜினியர் முன்னின்று கட்டினார். அவருடைய கல்லறை பேச்சிப்பாறையிலேயே இருக்கிறது. காட்டுக்குள், மலைக்காய்ச்சல் பரவும் இடத்தில், இன்றைய இயந்திரங்கள் எதுவும் இல்லாமல் வேலை செய்த கூலியாட்களை நினைத்துப் பாருங்கள்.

விளவங்கோடு, கல்குளம் பக்கத்து மேட்டு நிலங்களுக்குத் தண்ணீர் சரியாகப் போய்ச் சேர்ந்தது தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகுதான். காமராஜர் ஆட்சியில் திட்டமிட்ட மாத்தூர் தொட்டிப்பாலம் 1966-இல் முடிந்தது. பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 1240 அடி நீளத்துக்கு ஒரு கால்வாயே நடந்து போகிறது.

அந்தக் காலத்தில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்களா?

இல்லை. அரண்மனையைப் பார்த்துவிட்டு 'ராஜா காலம் எவ்வளவு அழகு' என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லியே ஆக வேண்டும். சாதியைக் காட்டிப் பலரைக் கோவில் தெருவில்கூட நடக்க விடவில்லை. பெண்கள் பலருக்கு மேலே துணி போட்டுக்கொள்ளவே உரிமை இல்லை. போட்டால் அடித்தார்கள், கிழித்தார்கள். தோள்சீலைப் போராட்டம் பல ஆண்டுகள் நடந்து, 1859-இல்தான் அரசு இறங்கி வந்தது. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் ஒரு கிணறு வெட்டி, எல்லாச் சாதியாரையும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்க வைத்தார். அரசு அவரைச் சிறையில் போட்டது. அந்த முத்திரிக் கிணறு இன்றும் இருக்கிறது.

சுசீந்திரம் பற்றிச் சொல்கிறேன் என்றேனே, இதுதான். கோவிலைச் சுற்றியிருந்த தெருக்களில் எல்லோரும் நடக்க வேண்டும் என்று 1926-இல் அங்கே சத்தியாக்கிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12 அன்று கோவில் நுழைவுப் பிரகடனம் வந்து, திருவிதாங்கூர் அரசின் கோவில்கள் எல்லோருக்கும் திறந்தன.

டிவிஷன் எப்போது மறைந்தது? மாவட்டம் எப்படி வந்தது?

20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே பத்மநாபபுரத்தைத் திருவனந்தபுரத்தோடு சேர்த்து ஒரே தெற்கு டிவிஷனாக்கினார்கள். 1949 ஜூலை 1-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின. நம் நான்கு தாலுகாக்களும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் இருந்தன.

ஆனால் இங்கே பெரும்பாலானவர்களின் பேச்சு தமிழ். ஆபீஸ், கோர்ட் காகிதம் மலையாளம். தமிழ் பேசும் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. மார்ஷல் நேசமணி அதன் பெரிய தலைவர். 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் பலர் இறந்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்பது தாலுகா. தேவிகுளமும் பீருமேடும் நெய்யாற்றின்கரையும் சித்தூரும் கிடைக்கவில்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலி மாவட்டத்துக்குப் போனது.

இப்போது தாலுகா ஆறு. கல்குளத்திலிருந்து திருவட்டாறும், விளவங்கோட்டிலிருந்து கிள்ளியூரும் 2019-இல் பிரிந்தன.

பழைய டிவிஷன் இன்றைக்கு எங்கேயாவது கண்ணில் படுமா?

படும். முதலாவது, பத்மநாபபுரம் வருவாய்க் கோட்டம் என்று ஒன்று இன்றும் இருக்கிறது. பழைய டிவிஷனைவிடச் சிறியது, பெயர் மட்டும் அதே.

இரண்டாவது, நவராத்திரி ஊர்வலம். சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை, வேளிமலை முருகன், பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதி மூவரும் ஆண்டுதோறும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். தலைநகர் மாறியபோது தொடங்கிய வழக்கம். அரண்மனையில் ராஜாவின் உடைவாளைக் கைமாற்றிக் கொடுத்த பிறகுதான் ஊர்வலம் கிளம்பும். முதல் ராத்திரி குழித்துறை, அடுத்தது நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் திருவனந்தபுரம். களியக்காவிளையில் மாநிலம் மாறும். மக்கள் மாறுவதில்லை, இரண்டு பக்கமும் அதே கூட்டம் கும்பிட்டு நிற்கும்.

மூன்றாவது, சிவாலய ஓட்டம். மகா சிவராத்திரிக்கு முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோவில்கள். பன்னிரண்டும் விளவங்கோடு, கல்குளம் பக்கத்திலேயே இருக்கின்றன. ஓடுகிறவர்களின் வழியை ஒரு தாளில் வரைந்தால் பழைய டிவிஷனின் மேற்குப் பாதி உங்கள் கையில் வந்துவிடும்.

ஒரே நாளில் சுற்றிப் பார்க்க முடியுமா?

கிழக்கிலிருந்து மேற்கே ஒரு கோடு போட்டுக்கொண்டால் முடியும். காலையில் தோவாளைப் பூச்சந்தை, பிறகு சுசீந்திரம், அடுத்து உதயகிரி, மதியத்துக்குள் பத்மநாபபுரம், வெயில் தாழ்ந்தபின் மாத்தூர் தொட்டிப்பாலம். திங்கட்கிழமை போகாதீர்கள், அரண்மனைக்கு விடுமுறை. தொட்டிப்பாலத்தில் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் மலையாளத்தில் எழுதிய பழைய ஆதாரம் (நிலப் பத்திரம்) இருக்கிறது. அதை எப்படி வாசிப்பது?

முதலில் வருஷத்தைத் தேடுங்கள். 1080, 1105 என்று ஏதாவது இருந்தால் பயந்துவிட வேண்டாம், அது கொல்லம் ஆண்டு. அதோடு 825-ஐக் கூட்டுங்கள். ஆவணி முதல் மார்கழி நடு வரையுள்ள தேதியாக இருந்தால் 824-ஐக் கூட்டினால் போதும். 1956 நவம்பர் கொல்லம் 1132 ஆகும். அடுத்து தாலுகாவின் பெயரையும் பகுதியின் பெயரையும் தேடுங்கள். இரணியல் என்று தாலுகா இருந்தால், உங்கள் வீட்டில் உண்மையிலேயே பழைய காகிதம் இருக்கிறது. மலையாளம் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள், அவர்களிடம் கொண்டுபோங்கள். அவர்கள் வாசிக்கும்போது போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், ஒட்டுநாடா போடாதீர்கள், இரண்டும் பழைய தாளைக் கெடுத்துவிடும். நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்துவிட்டு, மடிக்காமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.